கார்டன் சிட்டி: கீழ தண்ணி, மேல ஜனம்

எங்க வேலையில தெருப் பேரு, கதவு நம்பர் எல்லாம் உதவாது. "செக்‌ஷன் 14, வடகிழக்கு குவார்ட்டர், மீட்டர் ரீடிங் வரல"ன்னு ஒரு மெசேஜ் வரும், அதுதான் விலாசம். அமெரிக்காவுல மேற்கு கேன்சஸ் பூரா நிலத்தை கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சிருக்காங்க, மைலுக்கு மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர், அதை நாலா வகுந்தா 160 ஏக்கர் ஒரு குவார்ட்டர், 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்துல குடியேற வந்த ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் குடுத்த அளவும் இதே 160தான். மண்ரோடும் அந்த கோட்டு மேலயே போகுது. மைல் கணக்கு தெரிஞ்சா போதும், பத்து வருஷம் அங்க இருந்தவன் மாதிரி எந்த வயலுக்கும் போயிடலாம்.

விவசாயக் கிணறுகள்ல ஃப்ளோ மீட்டர், பிரஷர் சென்சார், அந்த ரீடிங்கை செல் நெட்வொர்க்ல அனுப்புற டெலிமெட்ரி பெட்டி, இதையெல்லாம் மாட்டி பாத்துக்கறது என் வேலை. இருந்த ஊரு கார்டன் சிட்டி, ஃபின்னி கவுன்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) தலைமையிடம். 2020 சென்சஸ்ல ஊருக்குள்ள 28,151 பேர், கவுன்டி மொத்தமும் சேர்த்தா 38,470. கிழக்க விச்சிட்டா போகணும்னா 200 மைலுக்கு மேல, டென்வர் அதைவிட தூரம். ராத்திரியில சிகாகோவுக்கும் விடியக்காலம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போற ரயில் நிக்கும், சின்ன ஏர்போர்ட்ல இருந்து டல்லாஸுக்கு ஒரு குட்டி விமானம் உண்டு. மேற்க போய் ஹாமில்டன் கவுன்டிக்குள்ள நுழைஞ்சா கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால போயிடும், அதனால அந்தப் பக்கம் விவசாயிகளோட டைம் பேசும்போது எந்த ஊர் டைம்னு முதல்லயே கேட்டுக்குவோம்.

கடல் மட்டத்துக்கு 2,800 அடி மேல இருக்கிற ஊரு, ஆனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் மலைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா ராக்கி மலை அடிவாரத்துல இருந்து தரையே கிழக்கால கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சு வருது. மழை வருஷத்துக்கு 19 இன்ச் பக்கம்தான். 100வது தீர்க்கரேகை கிழக்க 50 மைல்ல டாட்ஜ் சிட்டி வழியா போகுது, அதுக்கு மேற்க மழையை மட்டும் நம்பி வெள்ளாமை பண்ண முடியாதுன்னு நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878ல அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் குடுத்தார். கார்டன் சிட்டி ஊர் உருவானதும் அதே 1878லதான்.

பேருல தோட்டம் இருக்கு, ஊருக்கு தெக்க ஆறும் இருக்கு, ஆர்கன்சா ஆறு, கொலராடோவுல லெட்வில் பக்கம் மலையில பொறந்து வருது. முதல்ல வந்தவங்க அதுல வாய்க்கால் வெட்டித்தான் பாசனம் பண்ணாங்க, 1906ல சர்க்கரை பீட் ஆலையே வந்துச்சு. இப்ப அந்தப் பாலத்து மேல வண்டியை நிறுத்திட்டு எட்டிப் பாத்தா பெரும்பாலான நாள் வெறும் மணல்தான், டயர் தடம் தெரியும். மேல கொலராடோவுல வாய்க்காலும் கிணறும் எடுத்துக்கிட்ட தண்ணிக்காக ரெண்டு மாநிலமும் நூறு வருஷத்துக்கு மேல கோர்ட்டுல நின்னாங்க, 1995ல சுப்ரீம் கோர்ட், ஆத்துத் தண்ணியைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தை கொலராடோ மீறினது நிஜம்னு சொல்லி, 2005ல 3.4 கோடி டாலர் நஷ்டஈடு வந்துச்சு. பணம் வந்துச்சு, ஆத்துல தண்ணி வரல.

அப்ப ஊரு எதுல நிக்குதுன்னா கீழ இருக்கிற தண்ணியிலதான். ஒகல்லாலா நீர்ப்படுகை, எட்டு மாநிலத்துக்கு அடியில 1,74,000 சதுர மைல் பரந்து கிடக்கு. ஏரி மாதிரி ஒரே தண்ணியா இருக்காது, ராக்கி மலையில இருந்து அடிச்சுட்டு வந்த மணலும் சரளையும் படிஞ்சு, அந்த இடுக்குல பல ஆயிரம் வருஷமா சேர்ந்த தண்ணி. மேல இருந்து திரும்ப ஊறுறது இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஒரு இன்ச் கூட தேறாது. நான் அவிநாசிப் பக்கத்து ஆளு, போர்ல தண்ணி வருஷா வருஷம் கீழ எறங்குறதை பாத்தே வளந்தவன், அதனால இந்த விஷயத்தை வெறும் டேட்டான்னு என்னால பாக்க முடியல.

டல்லாஸ்ல இருந்து விமானத்துல வரும்போது கீழ பச்சைப் பச்சையா வட்டம் தெரியும், ஒரு கட்டத்துக்குள்ள ஒரு வட்டம். அதுதான் பிவட். நடுவுல கிணத்துல இருந்து வர்ற பைப், அதுல இருந்து கால் மைல் நீளத்துக்கு சக்கரம் வெச்ச இரும்புக் கோபுரங்கள் மேல ஓடுற குழாய், அது நடுப்புள்ளியை சுத்திச் சுத்தி வந்து தண்ணி தெளிக்குது. ஃபிராங்க் ஸைபாக்னு ஒரு விவசாயி கண்டுபிடிச்சு 1952ல பேடன்ட் வாங்கினார். 160 ஏக்கர் கட்டத்துக்குள்ள 125, 130 ஏக்கர் அந்த வட்டத்துல நனையும். 130 ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ஒரு பருவத்துல 15 இன்ச் பாய்ச்சினா 20 கோடி லிட்டர் ஆகுது, ஒரே ஒரு வட்டத்துக்கு. நான் முதல் தடவை இந்தக் கணக்கை போட்டப்ப கால்குலேட்டர்ல திரும்பத் திரும்ப தட்டிப் பாத்தேன், அதேதான் வந்துச்சு.

இந்தத் தண்ணியும் மேல இருக்கிற ஜனத்தொகையும் ஒரே கணக்குன்னு எனக்குப் புரிய கொஞ்ச காலம் ஆச்சு. தண்ணி வந்ததும் மக்காச்சோளம் வந்துச்சு, தீனி இருக்குன்னு மாட்டை கொழுக்க வைக்கிற ஃபீட்யார்டு வந்துச்சு, மாடு இங்க இருக்கும்போது அதை உயிரோட தூரத்து நகரத்துக்கு லாரியில ஏத்தி எடையை ஏன் இழக்கணும், வெட்டுற ஆலையை மாடு இருக்கிற இடத்துக்கே கொண்டு போவோம்னு கறி கம்பெனிங்க யோசிச்சாங்க. 1980 டிசம்பர்ல ஐபிபி கம்பெனி மேற்க ஹோல்கம் ஊர்ப் பக்கம் பெரிய பிளான்ட்டை திறந்துச்சு, சில வருஷத்துல இன்னொரு பிளான்ட்டும் வந்துச்சு. அத்தனை வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடையாது. 1980ல 18 ஆயிரம் பேர் இருந்த ஊரு 1990ல 24 ஆயிரம் ஆயிடுச்சு. சுத்தி இருக்கிற கேன்சஸ் கிராமங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை மூடிட்டு வயசானவங்க மட்டும் மிஞ்சிக்கிட்டு இருந்த அதே காலத்துல இங்க புதுசா பள்ளிக்கூடம் கட்டினாங்க.

வந்தவங்க யாருன்னு பாத்தா அது ஒரு பெரிய கதை. ரயில்பாதைக்கும் சர்க்கரை பீட் வயலுக்கும் 1900கள்லயே வந்த மெக்சிகோ குடும்பங்கள் முன்னாடியே உண்டு, 80கள்ல வியட்நாம், லாவோஸ் அகதிகள், அப்புறம் மறுபடியும் மெக்சிகோ, குவாட்டமாலா, எல் சால்வடோர், 2000க்கு அப்புறம் சோமாலியா, பர்மா. இன்னைக்கு ஊர்ல பாதிக்கு மேல ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்தவங்க. காலையில வால்மார்ட் லைன்ல நின்னா முன்னாடி மெனோனைட்ங்கிற கிறிஸ்தவ பிரிவைச் சேர்ந்த பொம்பளை நீளப் பாவாடையும் தலைத்துணியுமா, பின்னாடி சோமாலி அக்கா ஹிஜாப்போட, பக்கத்து லைன்ல கவ்பாய் தொப்பி போட்ட பெரியவர். 28 ஆயிரம் பேர் ஊர்ல இது சாதாரணமா நடக்கும்.

எங்க அபார்ட்மென்ட்டுல கீழ் வீட்டுல ஒரு வியட்நாம் பெரியவர், நான் அங்கிள்னுதான் கூப்பிடுவேன். விச்சிட்டாவுல விமான கம்பெனியில லேஆஃப் ஆகி 80கள்ல இங்க பிளான்ட்டுக்கு வந்தவர், ரிடயர் ஆயிட்டார். ஒரு பையன் இங்கயே வாத்தியார், இன்னொருத்தன் டெக்ஸாஸ்ல. பார்க்கிங் ஓரமா இருக்கிற கம்பி வேலியில பாகற்கொடி ஏத்தி விட்டிருந்தார், நம்ம ஊர் பாகல்தான், கொஞ்சம் நீட்டமா வெளுப்பா இருக்கும். ஜூலை வெயில்ல சாயங்காலமா பக்கெட்டுல தண்ணி ஊத்துவார். ஒரு நாள் என்ன வேலை பாக்குறேன்னு கேட்டார், கிணத்துல தண்ணி அளக்குற வேலைன்னேன். பக்கெட்டை கீழ வெச்சுட்டு, "இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?"னு நேரா கேட்டார். இடத்துக்கு இடம் மாறும் அங்கிள், கவுன்டிக்குள்ளயே சில பக்கம் நல்லா இருக்கு, சில பக்கம் இருபது முப்பது வருஷம் தாங்குறதே கஷ்டம்னு தெரிஞ்சதை சொன்னேன். பிளான்ட்டுக்கு தீனி போடுற தண்ணி இதுதான்னு அவருக்கு என்னைவிட நல்லாவே தெரிஞ்சிருந்துச்சு.

ஒரு பிளான்ட் நின்னா ஊருக்கு என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரங்க கண்ணால பாத்தவங்க. 2000 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அந்த ரெண்டாவது பிளான்ட் தீப்பிடிச்சு எரிஞ்சுது, 2,300 பேருக்கு வேலை போச்சு, அதை திரும்ப திறக்கவே இல்ல. 2000 சென்சஸ்ல 28 ஆயிரத்து சொச்சம் இருந்த ஊரு 2010ல 26,658க்கு எறங்கினதுக்கு அது ஒரு பெரிய காரணம். 2019 ஆகஸ்ட்ல ஹோல்கம் பிளான்ட்டும் எரிஞ்சுது, அப்ப அது டைசன்ங்கிற கறி கம்பெனி கையில, ஒரு நாளைக்கு 6,000 மாடு, 3,800 பேர் வேலை. இந்தத் தடவை சம்பளத்தை குடுத்துக்கிட்டே ரிப்பேர் பண்ணி டிசம்பர்ல திறந்துட்டாங்க, ஜனமும் ஊரை விட்டு போகல. நடுவுல 2016ல சோமாலி குடும்பங்கள் இருந்த ஒரு அபார்ட்மென்ட்டை குண்டு வெச்சு தகர்க்க மூணு பேர் திட்டம் போட்டு, அது நடக்கறதுக்கு முன்னாடியே பிடிபட்டு, 2019ல ஆளுக்கு 25, 30 வருஷம்னு தண்டனை வாங்கினாங்க. அப்படி ஒரு பயத்துக்கு அப்புறமும் அந்தக் குடும்பங்கள்ல நிறைய பேர் இங்கயே இருக்காங்க, அவங்களுக்கு இது சொந்த ஊர் ஆயிடுச்சு.

ஜனவரி மாசம் பம்பு எல்லாம் ஓஞ்சு கிடக்கும், தண்ணி மட்டம் அமைதியா நிக்கும், அப்பதான் மாநில புவியியல் ஆய்வு மையமும் நீர்வளத் துறையும் சேர்ந்து மேற்கு, மத்திய கேன்சஸ்ல 1,400 கிணறு பக்கம் அளப்பாங்க. நாங்க சென்சார் மாட்டின கிணறு ஒண்ணுல அளக்கும்போது கூட நின்னேன். எலக்ட்ரானிக் எதுவும் இல்ல, ஒரு எஃகு டேப், அதோட கடைசி சில அடிக்கு நீலச் சாக்கட்டியை அழுத்தித் தேய்ச்சு, பம்பு அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியா மெதுவா எறக்குறாங்க. காத்து மூஞ்சியில அறையுது, கையுறையை கழட்டினாதான் டேப் பதமா எறங்குதா இல்ல பைப்புல உரசுதான்னு விரலுக்குத் தெரியும். முழு அடி குறியில நிறுத்தி, ஒரு நிமிஷம் விட்டு, மேல சுத்தி எடுத்தா சாக்கட்டி நனைஞ்ச இடம் கருநீலமா மாறியிருக்கும், அந்தக் கோட்டை படிச்சு கழிச்சா தரையில இருந்து தண்ணி எவ்வளவு ஆழம்னு வந்துடும். சரிதானான்னு மறுபடி ஒரு தடவை எறக்குவாங்க. போன வருஷத்தைவிட கீழ போயிருந்துச்சு. நிலத்துக்காரர் பக்கத்துலயே நின்னார், எழுபது வயசுக்கு மேல, அவங்க அப்பா காலத்துல இதே கிணறு நிமிஷத்துக்கு 1,000 கேலன் தள்ளுச்சாம், இப்ப எங்க மீட்டர் காட்டுறது 300 சொச்சம். நோட்டுல எழுதுற நம்பரை எட்டிப் பாத்தார், ஒண்ணும் சொல்லல.

அவரை குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. கேன்சஸ்ல 1945 சட்டப்படி முதல்ல உரிமை வாங்கினவனுக்கு முதல் தண்ணி, அவர் தன் உரிமைக்கு மேல ஒரு சொட்டு எடுக்கல, வருஷா வருஷம் மார்ச் 1க்குள்ள கணக்கும் ஒப்படைக்கிறார். சிக்கல் என்னன்னா, மொத்தமா எழுதிக் குடுத்த உரிமையே கீழ ஊறுறதைவிட ரொம்ப ஜாஸ்தி. வடக்க ஷெரிடன் கவுன்டி பக்கம் விவசாயிகளே 2013ல உக்காந்து பேசி 20 சதவீதம் குறைச்சுக்கிட்டாங்க, விளைச்சல் கொஞ்சம் குறைஞ்சாலும் செலவும் குறைஞ்சதால வருமானம் பெருசா அடிபடல. 2023ல வந்த மாநில சட்டம் எல்லா நிலத்தடி நீர் மாவட்டமும், அதாவது கீழ இருக்கிற தண்ணியைப் பாத்துக்கற உள்ளூர் அமைப்பும், 2026 ஜூலைக்குள்ள தண்ணியைக் காப்பாத்த திட்டம் குடுக்கணும்னு சொல்லுது, தென்மேற்குக்கான மாவட்ட ஆபீஸ் கார்டன் சிட்டியிலதான் இருக்கு.

அந்த மாவட்டத்து தேர்தல்ல ஓட்டு யாருக்குன்னா, ஊர் எல்லைக்கு வெளிய 40 ஏக்கராவது நிலம் வெச்சிருக்கணும், இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு ஏக்கர் அடி (ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரம் நிக்கிற அளவு) தண்ணியாவது எடுக்கறவங்களா இருக்கணும். அங்கிளுக்கு ஓட்டு கிடையாது, பிளான்ட்டுல கத்தி பிடிக்கிற சோமாலி பையனுக்கு கிடையாது, அங்கிளோட வாத்தியார் பையனுக்கும் கிடையாது, 28 ஆயிரம் பேருக்கும் சேர்த்து நகராட்சி ஒரே ஒரு தண்ணி உபயோகிப்பாளர். எனக்கு இது பெரிய குறையாப் படுது. தண்ணியைக் குறைச்சா மக்காச்சோளம் குறையும், தீனி ரயில்ல வர்றது இன்னும் கூடும், இப்பவே நிறைய வருது, மைலோ சோளம், கோதுமை, பருத்தின்னு கம்மி தண்ணிப் பயிருக்கு மாறலாம், பிளான்ட் தாங்கும். குறைக்காம விட்டா ஒரு நாள் கிணறு தானா நிக்கும், அப்ப யோசிக்கவே நேரம் இருக்காது. இதுல எந்தப் பக்கம் போனாலும் முதல்ல வேலை போறது ஓட்டு இல்லாதவங்களுக்குத்தான், அதனால வெட்டுறது எத்தனை சதவீதம்னு பேசுற மீட்டிங்குக்கு பிளான்ட் ஆளுங்களையும் பள்ளிக்கூடத்துக்காரங்களையும் கூப்பிட்டு, ஸ்பானிஷ்லயும் சோமாலியிலயும் வியட்நாமீஸ்லயும் அந்த நம்பரை விளக்கிச் சொல்லணும். எங்க பெட்டி அனுப்புற ரீடிங் அத்தனையும் அந்த முடிவுக்குத்தான் போகுது.