மிச்ச இடங்களுக்கு ஆள் பார்க்கும் வேலை

அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் வேலை என்று சொன்னால், ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது மேட்ச் எல்லாம் ஓசியில் பார்க்கலாமா என்றுதான். பார்க்கலாம். ஆனால் எங்களுக்கு வேலை கூடுவது மேட்சே இல்லாத நவம்பர், டிசம்பரில். அடுத்த சீசனுக்கு ஆள் கணக்குப் போடும் காலம் அது. பெரிய ஆட்டக்காரர்களை வாங்குவதும் விடுவதும் மேலே இருப்பவர்கள் பாடு. என்னைப் போன்ற தரவு ஆய்வாளர்களின் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். புல்பென் கடைசி வரை தாங்குமா? இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து முதல் பேஸில் யார் நிற்பார்?

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். பந்து வீசுபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸில் களைத்துப்போனதும் அடுத்தடுத்து வந்து வீசுபவர்கள் ரிலீவர்கள். அவர்கள் காத்திருக்கும் இடமும் அந்தக் கூட்டமும் புல்பென். கிரிக்கெட்டில் ஒரு பௌலரை நிறுத்திவிட்டு அப்புறம் திரும்பக் கூப்பிடலாம். இங்கே வெளியே போனவர் அன்றைக்குப் போனவர்தான். முதல் பேஸ்காரர், பேட்டர் ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தில் நின்று, மற்ற ஃபீல்டர்கள் எறியும் பந்துகளை வாங்குபவர். அதிகம் ஓட வேண்டாம், தூரமாக எறியவும் தேவை குறைவு. அதனால் அந்த இடத்தில் நிற்பவர் பேட்டால் அதை ஈடுகட்டியாக வேண்டும். ஒரு ஆட்டக்காரரின் மொத்த மதிப்பைக் கணக்கிடும்போது, முழு சீசன் முதல் பேஸில் நின்றவருக்கு 12.5 ரன்னைக் கழித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பது பரவலான வழக்கம். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு அதே 12.5 ரன்னைக் கூட்டுவார்கள்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஆளிடம் ஏன் கொடுக்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. போகப்போகப் புரிந்தது. இரண்டுமே மிச்ச இடங்கள். ரிலீவராக வேண்டும் என்று நினைத்து வளரும் பையன்கள் குறைவு. தொடக்க பிட்சராக நிலைக்காதவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போகிறார்கள். 652 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் ஒரு சேவ்) எடுத்து, தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு வாக்குகூடக் குறையாமல் போன மரியானோ ரிவேரா, 1995-இல் யாங்கீஸ் அணிக்கு 10 ஆட்டங்களைத் தொடங்கிப் பார்த்துச் சரிவராமல் போனவர். முதல் பேஸும் அப்படித்தான். ஜோயி வாட்டோ கேட்சராகத் தேர்வானவர், ஃப்ரெடி ஃப்ரீமன் மூன்றாம் பேஸ்காரராக. பிரைஸ் ஹார்ப்பர் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2023-இல் அவுட்ஃபீல்டிலிருந்து அங்கே வந்தார். வேறு ஏதோ வேலைக்காக வளர்ந்தவர்களை எடைபோட்டு, இந்த வேலைக்கு ஆவார்களா என்று சொல்வதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

புல்பென்னில் ஆரம்பிக்கிறேன். புல்பென் பலம் என்றதும் ரசிகர்களும், சில நேரம் எங்கள் கூட்ட அறையில் இருப்பவர்களும், ஒன்பதாவது இன்னிங்ஸில் வரும் க்ளோசரைப் பற்றித்தான் பேசுவார்கள். கணக்கு வேறு இடத்தைக் காட்டும். ஒரு சீசனில் 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் 1,458 இன்னிங்ஸ். இப்போதெல்லாம் அதில் சுமார் 40 சதவீதம் ரிலீவர்கள் தலையில் விழுகிறது. ஏறக்குறைய 580 இன்னிங்ஸ் என்று வையுங்கள். 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் அதிகபட்சம் 13 பேர். தொடக்க பிட்சர்கள் ஐந்து பேர் போனால் ரிலீவர்கள் எட்டு. ஒருவருக்கும் ஒரு காயமும் இல்லாமல் எட்டுப் பேரும் தலைக்கு 60 இன்னிங்ஸ் வீசினாலும் 480-தான் வருகிறது. பாக்கி 100 இன்னிங்ஸை வீசுவது யார்? அந்த 100 இன்னிங்ஸ்தான் புல்பென்னின் ஆழம். அதை வீசப் போகிறவர்களின் பெயர் மார்ச் மாதத்தில் யார் வாயிலும் இருக்காது. காயங்கள் வந்துவிட்டால் அந்த 100 என்பது 200 ஆகும்.

ஆகவே நான் பட்டியல் போடும்போது கீழேயிருந்து மேலே போகிறேன். ஒன்பதாவது ஆள் யார், பத்தாவது யார், பதின்மூன்றாவது ஆள் வீசியே ஆக வேண்டிய நாளில் எவ்வளவு சேதம் வரும்?

அவர்களை அளப்பதில் பெரிய தொல்லை, வீசிய அளவு சிறியது என்பது. 60 இன்னிங்ஸில் 20 ரன் விட்டவரின் இஆர்ஏ, அதாவது ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை போக ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன், 3.00. அருமையான ரிலீவர் என்பார்கள். அதே ஆள் இன்னும் இரண்டே ஆட்டத்தில் மொத்தமாக ஒரு இன்னிங்ஸ் வீசி எட்டு ரன் விட்டால் 4.13. இப்போது சுமாரான ஆள். அந்த எட்டு ரன்னில் பாதி, ஒரு தரைப்பந்து இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே நழுவியதால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் ஷீட்டில் இஆர்ஏ பத்தியைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரைப் பந்தாலேயே வெளியேற்றுவது) எவ்வளவு, வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) எவ்வளவு, வேகம் போன வருடத்தைவிட மைல் கணக்கில் இறங்கியிருக்கிறதா என்பவைதான் முதலில். வேகம் இறங்கினால் எனக்கு முழங்கைக் காயம் ஞாபகம் வரும். ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து எடைபோடும் எங்கள் அணியின் மூத்த ஸ்கவுட் ஒருவர் இதற்கும் முந்தைய கேள்வி ஒன்றைக் கேட்பார்: நேற்று இரவு அடி வாங்கியவன் இன்று புல்பென் ஃபோன் அடித்தால் எழுந்து நிற்கிறானா? அதற்கு என்னிடம் எண் கிடையாது. அவருடைய குறிப்புகளை அப்படியே ஒட்டிவைக்க ஷீட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு பத்தி ஆப்ஷன். அணியின் 40 பேர் பட்டியலில் (அந்த 26 பேரும் இதில் அடக்கம்) உள்ள ஒருவரைப் பொதுவாக மூன்று சீசன்கள் வரை, மற்ற அணிகள் அவரைக் கொத்திக்கொண்டு போகும் பயமில்லாமல், கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீகுக்கு அனுப்பலாம். அதுதான் ஆப்ஷன். முன்பெல்லாம் ஒரே சீசனில் எத்தனை முறை வேண்டுமானாலும் மேலேயும் கீழேயும் இழுத்தடித்தார்கள். 2022 முதல் ஐந்து முறைக்கு மேல் கூடாது. கீழே போன பிட்சர், காயம்பட்டவருக்குப் பதிலாக வந்தால் ஒழிய, 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும்.

எங்கள் ஷீட்டில் ஆப்ஷன் மிச்சமிருப்பவர்கள் பச்சை நிறம். பச்சை அதிகமாக இருந்தால் புல்பென்னுக்கு ஆழம் அதிகம் என்று அர்த்தம். ஏப்ரல் வந்ததும் அந்தப் பச்சையின் மறுபக்கம் தெரியும். பயிற்சி முகாமில் நன்றாக வீசிய பச்சைக்காரர் மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள் ஏ-வுக்குப் போவார். அவரைவிடச் சுமாராக வீசியவர் அணியில் இருப்பார், ஏனென்றால் அவருக்கு ஆப்ஷன் தீர்ந்துவிட்டது, கீழே அனுப்பப் பார்த்தால் வேறு அணி எடுத்துக்கொள்ளும். அலுவலகத்துக்கு அது சரியான முடிவு. இரண்டு பேரும் நம் கையில் இருப்பார்கள். கீழே போகிறவருக்கு அது சம்பளக் குறைவு, இன்னொரு ஊர், பாதியில் விட்ட வாடகை வீடு. ஆழம் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் பெட்டி கட்டத் தயாராக இருக்கும் ஆட்கள்தான். ஜூலையில் நாலாவது முறையாக மேலே வந்தவரின் வீச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

முதல் பேஸுக்கு வருவோம். இங்கே தொல்லை நேரெதிர். புல்பென்னில் ஆள் போதவில்லை என்று எல்லோருக்கும் கவலை. முதல் பேஸுக்கு யாரையாவது போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தைரியம். இந்தத் தைரியத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவர் ஸ்காட் ஹாட்டபெர்க். முழங்கை நரம்புப் பாதிப்பால் எறிய முடியாமல் போன கேட்சரை ஓக்லண்ட் அணி 2002-இல் முதல் பேஸில் நிறுத்தியது. ரான் வாஷிங்டன் என்ற பயிற்சியாளர் தினம் தினம் தரைப்பந்து அடித்து அவரைத் தயார் செய்தார். அந்த செப்டம்பரில் ஓக்லண்டின் தொடர்ச்சியான இருபதாவது வெற்றி அவர் அடித்த ஹோம் ரன்னில்தான் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) வந்தது. கதை நல்ல கதைதான். ஆனால் அதைச் சொல்பவர்கள் வாஷிங்டனை விட்டுவிடுகிறார்கள். ஹாட்டபெர்க் அந்த இடத்தை விரும்பி ஏற்றார் என்பதையும் விட்டுவிடுகிறார்கள். வேறு வழியில்லாத ஆள் ஏற்றுக்கொள்வது ஒரு கதை, வழி இருப்பவரிடம் கேட்பது வேறு கதை.

2025 மே மாதம் பாஸ்டனில் நடந்தது இந்த இரண்டாவது கதை. முதல் பேஸ்காரர் டிரிஸ்டன் காசஸ் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தார். பத்து வருடம், 31.35 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த ராஃபேல் டெவர்ஸிடம் அங்கே நிற்கச் சொன்னார்கள். அந்த வசந்தத்தில்தான் அவரை மூன்றாம் பேஸிலிருந்து எடுத்து, ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிக்க வைத்திருந்தார்கள். இப்போது இன்னொரு இடமா என்று வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். அணி உரிமையாளரே, அப்போது அணி ஆடிக்கொண்டிருந்த கேன்சஸ் சிட்டிக்குப் பறந்துபோய்ப் பேச வேண்டியதாயிற்று. ஜூன் 15 அன்று அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஜூலையில் முதல் பேஸில் நின்றார்! அவரால் அந்த இடத்தில் நிற்க முடியுமா என்று எந்த ஆய்வாளரைக் கேட்டிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பார். எந்த அணியில், யார் கேட்டு, எப்போது கேட்டு என்பதற்கெல்லாம் ஷீட்டில் பத்தி கிடையாது.

வெளியே விலைக்கு வாங்கிவிடலாமே என்றால் அதிலும் வழுக்கல். ஹூஸ்டன் 2022 நவம்பரில் ஹோசே அப்ரேயூவை மூன்று வருடத்துக்கு 5.85 கோடி டாலருக்கு எடுத்தது. 2020-இல், லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கியவர். ஆனால் வயது 36-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 2024-இல் அவருடைய பேட்டிங் சராசரி .124, அதாவது ஆயிரம் முறை பேட் பிடித்தால் 124 வெற்றிகரமான அடி. ஜூனில் விடுவித்தார்கள். பேட்டுக்காகவே வாங்கப்பட்டவரிடம் பேட் இறங்கிவிட்டால், ஓட்டத்தாலோ ஃபீல்டிங்காலோ ஈடுகட்ட அங்கே ஒன்றும் கிடையாது.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே தராசில் ஏறிய ஒரு வியாபாரம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான். 1990 ஆகஸ்ட் கடைசி. பாஸ்டன் தன் டிவிஷனில் (லீகின் ஒரு பிரிவு) முன்னிலை, புல்பென் மட்டும் தள்ளாட்டம். ஹூஸ்டனிடமிருந்து 37 வயது ரிலீவர் லாரி ஆண்டர்சனை வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்தது, ட்ரிபிள் ஏ-வுக்கு ஒரு படி கீழான டபுள் ஏ-வில் மூன்றாம் பேஸ் ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் பேக்வெல் என்ற பையனை. அவருக்கு ஹூஸ்டன் மூன்றாம் பேஸிலும் இடம் இல்லை, அங்கே கென் கேமினிட்டி இருந்தார். முதல் பேஸ் காலியாக இருந்ததால் அங்கே நிறுத்தினார்கள். 449 ஹோம் ரன், 1994-இல் எம்விபி, 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

பாஸ்டன்காரர்கள் முட்டாள்கள் என்று இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டர்சன் வந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். 22 இன்னிங்ஸ், இஆர்ஏ 1.23. பாஸ்டன் டிவிஷனையும் வென்றது. பேக்வெல் அந்த வருடம் டபுள் ஏ அணியான நியூ பிரிட்டனில் .333 அடித்திருந்தாலும் ஹோம் ரன் நான்கே நான்கு. அந்த எண்ணை வைத்து இவரை எதிர்கால முதல் பேஸ்காரர் என்று யார் எழுதியிருப்பார்கள்? மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ் இருந்தார். முதல் பேஸுக்கு மோ வான் வந்துகொண்டிருந்தார், அவரும் 1995-இல் எம்விபி வாங்கினார். ஆக, பாஸ்டனுக்கு முதல் பேஸில் ஓட்டை விழவில்லை. என் குறை ஒன்றே ஒன்று. அந்த சீசன் முடிந்து வந்த குளிர்காலத்திலேயே ஆண்டர்சன் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். ஒரு மாதத்துக்கான ஆளுக்கு, பல வருடம் கையில் இருக்கப்போகிறவரைக் கொடுத்தார்கள். இன்றைக்கு உள்ளே ஒரு பத்தாவது, பதினோராவது ரிலீவரை வளர்த்து வைத்திருக்கும் அணிக்கு ஆகஸ்டில் அந்த அவசரம் வராது. முதல் பேஸின் எதிர்காலத்தைக் காப்பாற்றும் காரியத்தில் பாதி புல்பென்னின் வால்பகுதியில்தான் நடக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். எங்கள் கூட்டத்தில் சொன்னபோது இரண்டு பேர் தலையாட்டினார்கள், ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலம் எங்கள் பட்டியல் இப்படி முடிந்தது. பெரிய க்ளோசர் யாரையும் கேட்கவில்லை. ஆப்ஷன் மிச்சமுள்ள, வாக் குறைவாகக் கொடுக்கும் பிட்சர்கள் சிலரைக் குறைந்த விலையில் எடுக்கச் சொன்னோம். அவர்களில் ட்ரிபிள் ஏ-வில் தொடக்க பிட்சராகவே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை ரிலீவராக மாற்றுவதைப் பயிற்சியாளர்கள் இப்போதைக்கு மறுத்துவிட்டார்கள். சரி, விட்டுவிட்டோம். முதல் பேஸில் இந்த வருடம் இடக்கை பேட்டர் ஒருவரும் வலக்கை பேட்டர் ஒருவரும் பங்கிட்டு ஆடுவார்கள். அதற்கடுத்த வருடங்களுக்கு நான் எழுதியது, டபுள் ஏ-வில் இருக்கும் எங்கள் மூன்றாம் பேஸ் பையன் ஒருவன் பெயரை. இந்த முறை ஷீட்டில் பெயரைப் போடுவதற்கு முன்பே, அவனிடம் யாராவது போய்க் கேட்கச் சொன்னேன். மைனர் லீக் பொறுப்பாளர் நேரில் போய்ப் பேசினார். முதல் பேஸ் கையுறையை வாங்கிக்கொண்டானாம். ஆனால் தினமும் காலையில் மூன்றாம் பேஸிலும் தரைப்பந்து அடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அடிக்கிறார்கள்.