சாமுவேல் கேள்வி: இரண்டாம் முறை எழுதித் தேறியவன் சொல்வது

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. இறையியல் படிப்பில் பழைய ஏற்பாட்டுத் தாள் அரியர் போய்விட்டது. 61 மதிப்பெண். போன வருடம் இதே தாளில் 34 வாங்கியவனுக்கு இது போதும். அந்த 34-ஐ எழுதிவிட்டு வெளியே வந்தபோது, இதைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது என்று நினைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்து எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்காக இது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இஸ்ரவேலின் முதல் இரண்டு ராஜாக்களை அபிஷேகம் செய்த தீர்க்கதரிசி சாமுவேலின் வாழ்க்கை, தலைமைத்துவத்தை மதிப்பிடுக என்று பெரிய கேள்வி விழுந்தால் எப்படிப் பிழைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அப்பா உபதேசியார். ஓய்வுநாள் பள்ளிக் கதைப்போட்டியில் நான் மூன்று வருடம் சொன்னது சாமுவேல் கதைதான். அதனால் போன வருடம் "மதிப்பிடுக" என்ற கேள்வியைப் பார்த்ததும் கை தானாக ஓட ஆரம்பித்தது. அம்மா அன்னாளின் கண்ணீர், சீலோ ஆலயத்தில் ராத்திரி, "சொல்லும், அடியேன் கேட்கிறேன்", எபெனேசர் கல், ஆகாக், எண்ணெய்க்கொம்பு எல்லாம் எழுதினேன். பதினொரு பக்கம். "பிரியமானவர்களே" என்று மட்டும் போடவில்லை. முடிவு வந்தபின் எங்களுக்குப் பாடம் எடுக்கும் ஐயா விடைத்தாளின் போக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மதிப்பிடச் சொன்னார்கள். நீ சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் 1 சாமுவேலை முதலிலிருந்து எடுத்து, பிரசங்கம் எதுவும் மனதில் ஓடாமல் படிக்கப் பார்த்தேன். அப்படிப் படித்தபோதுதான் ஒரு வினைச்சொல் கண்ணில் பட்டது. இந்த முறை என்னைத் தேற வைத்தது அதுதான் என்று நம்புகிறேன்.

8-ஆம் அதிகாரத்தில், ராஜா வந்தால் என்ன செய்வான் என்று சாமுவேல் சொல்லும் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். உங்கள் மகன்களை எடுப்பான், மகள்களை எடுப்பான், வயலையும் திராட்சத்தோட்டத்தையும் எடுப்பான், வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுப்பான். எபிரெயத்தில் 'லாகஹ்' என்ற ஒரே வினை 11, 13, 14, 16 ஆகிய வசனங்களில் நான்கு முறை வருகிறது. சரி, இது எல்லா வகுப்புக் குறிப்பிலும் இருக்கும். ஆனால் கொஞ்சம் மேலே 8:3-க்குப் போங்கள். பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைக்கப்பட்ட சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்று இருக்கிறது. எபிரெயத்தில் அதுவும் 'லாகஹ்'. பிறகு 12-ஆம் அதிகாரம். கிழவர் சாமுவேல் ஜனங்கள் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன் என்று கேட்கிறாரே, அங்கும் அதே வினை. நம் தமிழில் 'வாங்கி' என்றும் 'எடுத்து' என்றும் பிரிந்துபோவதால் இந்த முடிச்சு தெரிவதில்லை.

இதை வைத்தே விடையைக் கட்டினேன். வரப்போகிற ராஜா எடுப்பான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். ஆனால் அவர் வீட்டிலேயே மகன்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்கள் ராஜாவைக் கேட்டதற்கு 8:5-இல் சொல்லும் முதல் காரணமும் அதுதான்: நீர் முதிர்வயதானீர், உம்முடைய மகன்கள் உம் வழியில் நடக்கவில்லை. அந்த மகன்களை நியமித்தது யார்? 8:1-ஐப் பாருங்கள், சாமுவேலேதான். தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியின் வீட்டில் அவர் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் செய்த அக்கிரமத்தைச் சிறுவனாக இருந்தபோதே பார்த்தவர். ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனையை அவரிடமே போய்ச் சொன்னவர். 12-ஆம் அதிகாரப் பேச்சில், நான் எதையும் எடுக்கவில்லை என்று கேட்பதற்கு முந்தின வசனத்தில், "என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள்" என்கிறார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு தகப்பனாக அந்த இடத்தில் அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதைத் தாளில் எழுதவில்லை, மதிப்பெண் வராது.

போன முறை நான் விட்டவை, இந்த முறை கைகொடுத்தவை:

- அவர் காணாமல் போகிற இடம். 4:1-க்குப் பிறகு 7:3 வரை சாமுவேல் பெயரே இல்லை. உடன்படிக்கைப் பெட்டி எதிரிகளான பெலிஸ்தரிடம் பறிபோகிறது, ஏலி சாகிறார், சாமுவேலைக் காணோம். 4 முதல் 6 வரை அந்தப் பெட்டியைப் பற்றிய தனி மரபு என்று ரோஸ்ட் என்ற அறிஞர் 1926-இல் சொன்னதை இங்கே வையுங்கள்.

- வரைபடம். 3:20-இல் அவர் புகழ் தாண் முதல் பெயெர்செபா வரை. ஆனால் 7:16-இல் வருடாவருடம் அவர் சுற்றுவது பெத்தேல், கில்கால், மிஸ்பா, பிறகு ராமாவிலுள்ள வீடு. மலைநாட்டின் நடுவில் ஒரு சிறு வட்டம். மகன்கள் இருந்ததோ தெற்குக் கோடியில். பென்சிலில் நான்கு புள்ளி போட்டாலே போதும், திருத்துகிறவருக்குப் புரியும்.

- 7:13-இல் பெலிஸ்தர் அடங்கிவிட்டார்கள். 9:16-இல் அவர்கள் கையிலிருந்து மீட்கத்தான் முதல் ராஜாவாகச் சவுல் வேண்டும். இந்த முரணை மழுப்பாதீர்கள், அதை எடுத்துக் காட்டுங்கள்.

- 8, 10:17-27, 12 ஒரு பக்கம் (ராஜா வேண்டாம்). 9:1-10:16, 11 மறுபக்கம் (ராஜா வரட்டும்). இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டிய அறிஞர் வெல்ஹவுசன் பெயரை இங்கே ஒரு முறை சொன்னால் போதும். 12-ஆம் அதிகாரத்துக்கு நோத், 1943: உபாகமத்தின் பார்வையில் இந்த வரலாற்றைத் தொகுத்தவர் என்று அவர் சொன்ன 'உபாகம வரலாற்றாசிரியர்'.

- கில்கால். 13-இல் சாமுவேல் வருவார் என்று சவுல் ஏழு நாள் காத்திருக்கிறான்; வராததால் தானே பலியிடுகிறான். பலியை முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். ஏன் தாமதம் என்று அவர் சொல்லவே இல்லை. சவுலை மட்டும் குற்றவாளியாக்கி எழுதினால் அது பிரசங்கம்.

- 15:29-இல் தேவன் மனம் மாறுகிறவர் அல்ல என்கிறார் சாமுவேல். அதே அதிகாரத்தின் 11, 35 வசனங்களில் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார். எபிரெயத்தில் மூன்றும் ஒரே வினை.

பெயர் மனப்பாடம் எனக்கு வராது. அதனால்தான் மூன்றே அறிஞர்கள். உங்களுக்கு வருமென்றால் பத்துப் பேரைப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் என் அறைத்தோழன் பதினாறு பேரைப் போட்டு என்னைவிடக் குறைவாகத்தான் வாங்கினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குறையை மட்டும் அடுக்கினாலும் மதிப்பீடு ஆகாது. அதில் நானே கொஞ்சம் ஆட்டம் போட்டுவிட்டேன், ஒரு பக்கம் அடித்துத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. சாமுவேலின் பெருமை என்று நான் கடைசியில் வைத்தது 12:23. அதிகாரத்தை இன்னொருவன் கையில் கொடுத்தாகிவிட்டது, அவரை வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் எதிரே நிற்கிறார்கள். அவர்களுக்காக ஜெபிக்காமல் விட்டால் அது தனக்குப் பாவம் என்கிறார். கூடவே 15:11, சவுல் தள்ளப்பட்டதைக் கேட்டு இரவு முழுவதும் கூப்பிடுகிறார். தான் விரும்பாத ராஜ்யத்தின் ராஜாவுக்காக அழுகிறார். 16:1-இல் கர்த்தரே, இன்னும் எவ்வளவு நாள் துக்கிப்பாய் என்று கேட்கும் அளவுக்கு. எரேமியா 15:1 மோசேயோடு அவரைச் சேர்த்துச் சொல்வது ஏன் என்பதும் இங்கேதான் விளங்குகிறது: ஜனங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து நிற்பதில் அந்த இருவரை மிஞ்ச ஆளில்லை.

நேரம் மிஞ்சினால் மட்டும் ஒன்று. 2:19-இல் அம்மா வருடாவருடம் தைத்துக் கொண்டுவரும் சின்னச் சட்டையும், 15:27-இல் கிழிகிற சால்வையும், இறந்தபின் எந்தோரில் குறிசொல்லுகிறவள் வரவழைக்கும்போது அவர் போர்த்துக்கொண்டு எழும்பி வருகிற சால்வையும் எபிரெயத்தில் ஒரே சொல், 'மெயீல்'. கடைசி ஏழு நிமிடத்தில் இதைக் கோணல்மாணலாக எழுதிச் சேர்த்தேன். இதற்கு மதிப்பெண் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசி பற்றிய கேள்விக்கு என்ன எழுதினாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதை நான் தொடவே இல்லை.