பற்றரி தனியே வாங்க வேண்டும்

நவம்பர் 24

ரொறன்ரோவில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு நேற்றிரவு மொன்றியல் திரும்பினோம். வழி நெடுக மகன் ஒரு பொம்மையின் பெயரையே ஓதிக்கொண்டு வந்தான். ஏதோ உருமாறும் டைனோசராம். வயது ஐந்து, படிப்பது பிரெஞ்சில், ஆங்கிலம் அரைகுறை. ஆனால் "பற்றரி தனியே வாங்க வேண்டும்" என்று அக்கா வீட்டுத் தொலைக்காட்சி விளம்பரத்தின் முடிவில் ஒருவர் மூச்சுவிடாமல் சொல்வதை மட்டும் பிசகில்லாமல் ஒப்பிக்கிறான். போவதற்கு முன் நத்தாருக்கு அவன் கேட்டது "ஒரு பெரிய லொறி". எந்த லொறியும் சரி. இப்போது பெயர், நிறம், கூடவே வரவேண்டிய எதிரி டைனோசர் எல்லாம் முடிவாகிவிட்டன.

நவம்பர் 26

நாங்கள் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து வணிக விளம்பரம் செய்ய 1980 முதல் தடை. ரொறன்ரோவைச் சேர்ந்த இர்வின் டாய் என்ற பொம்மைக் கம்பனி, இது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று வழக்காடியது. 1989இல் கனடிய உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தின் பக்கம் நின்றது. பெற்றோரிடம் விற்க விரும்பினால் தாராளமாக விற்கலாம். பிள்ளையைத் தூது அனுப்பத்தான் கூடாது. எனக்கு இது முழுக்கச் சம்மதம். விற்பனையாளன் என்னோடு பேரம் பேசட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 1

மார்வின் கோல்ட்பெர்க் என்பவர் இதே மொன்றியலில் செய்த ஓர் ஆய்வைப் படித்தேன். 1990இல் வெளியானது. எல்லை தாண்டி வரும் அமெரிக்க அலைவரிசைகளைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவற்றை அதிகம் பார்த்தவர்கள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். கடைக்கு வந்திருந்த பொம்மைகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளைவிட அவர்களே கூடுதலாக அடையாளம் கண்டார்கள். பிள்ளைகளுக்கென்று விற்கும் காலை உணவுச் சீரியல் பெட்டிகளும் அவர்கள் வீடுகளில்தான் அதிகம். ஒரே ஊர், ஒரே கடைகள். விளையாடும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அந்த ஆசைக்கு ஒரு கம்பனிப் பெயரைச் சூட்டிவிடுவதுதான் விளம்பரத்தின் வேலை என்று எனக்குப் படுகிறது.

டிசம்பர் 8

அம்மம்மா பார்ப்பது தமிழ்த் தொலைக்காட்சி. அதில் பொம்மை விளம்பரம் எங்கே வருகிறது? வீடு விற்பவர், அடமானக் கடன் வாங்கித் தருபவர், விபத்து வழக்கறிஞர், நகைக்கடை. இன்று காலை மகன் அவரிடம் போய், "அம்மம்மா, வீடு விற்கப் போகிறீர்களா? இவரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு முகவரின் தொலைபேசி எண்ணை முழுதாகச் சொன்னான். நாங்கள் இருப்பது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், வாடகை வீட்டில். அம்மம்மா சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது.

எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் பயமும் வந்தது. அவனுக்குக் கார்ட்டூன் எது, விற்பனை எது என்ற பிரிவே இன்னும் இல்லை. சொன்னதை நம்புகிறான், பிறகு மற்றவர்களுக்கும் பரப்புகிறான்.

டிசம்பர் 14

கடைக்குப் போனோம். சட்டத்தில் ஒரு ஓட்டை: கடைக் கண்ணாடிக் காட்சிக்கும் பொம்மைப் பெட்டிக்கும் விதிவிலக்கு உண்டு. அந்த டைனோசரின் பெட்டி அவன் கண்மட்டத்தில், எரிமலைப் படத்தோடு நின்றது. திரையில் மலையை மிதித்த விலங்கு உள்ளே என் உள்ளங்கை அளவுதான். "சின்னதாக இருக்கிறது" என்றான். அதற்குப் பிறகும் கேட்டான். ஏமாற்றம் வந்ததே தவிர ஆசை போகவில்லை. விலையைப் பார்த்து நான் பெட்டியைத் திரும்ப வைத்தேன். அழுகை, பிறகு பஸ்ஸில் தூக்கம்.

டிசம்பர் 19

முதல் பெரும் பனி. இரவில் சைரன் ஒலிக்க, பனி அள்ளும் லொறிகள் எங்கள் தெருவுக்கு வந்தன. ஒன்று அள்ளித் தூற்ற, மற்றது பக்கத்திலேயே ஊர்ந்து நிரப்பிக்கொண்டு போனது. மகன் சன்னலை விட்டு நகரவில்லை.

இன்று பாடசாலையில் ஆசிரியை உதவியோடு நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். முதலில் பனி அள்ளும் லொறி. இரண்டாவது டைனோசர். லொறியைப் பழைய பொருள் கடையில் தேடப்போகிறேன். டைனோசர் விஷயத்தை அக்காவிடம் விட்டுவிடலாம், அவள் வீட்டுத் தொலைக்காட்சி செய்த வேலைதானே.