சிடெட் மொழிப் பகுதி: அந்தப் பதினைந்து கேள்விகளுக்கு நான் படித்த விதம்

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டில் மொழிப் பகுதி ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள். பாதி, கொடுத்த பத்தியைப் படித்து விடையளிப்பது. மீதி 15 மொழி கற்பித்தல் முறை. தமிழை எடுக்கும் நம்மவர்கள் பலர், "தமிழ்தானே, பார்த்துக்கலாம்" என்று இந்தப் பதினைந்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே கேட்பது தமிழ் இலக்கணம் இல்லை, குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது என்பது. பாடத்திட்டத்தில் அந்தப் பகுதியின் முதல் தலைப்பே கற்றலும் பெறுதலும்தான், அதாவது மொழியைப் பாடமாகக் கற்பதும் இயல்பாகப் பெறுவதும்.

உளவியலாளர் ஸ்கின்னர் என்றால் பழக்கம், மொழியியலாளர் சாம்ஸ்கி என்றால் பிறவித் திறன் என்று கைடுகளில் அட்டவணை இருக்கும். நேரடிக் கேள்விக்கு அது போதும். ஆனால் பெரும்பாலும் ஒரு வகுப்பறைச் சூழலைச் சொல்லி, "ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் குழந்தைகள் பேசுவதைக் கவனித்து, இதற்கு இவர் என்ன விளக்கம் சொல்வார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பதுபோல் படித்தேன்.

என் அக்கா மகனுக்கு மூன்று வயது. "நான் வரிசையில நில்லுனேன்" என்பான். பிறரைப் பார்த்துப் பேசி, பாராட்டுக் கிடைத்ததால் நிலைத்த பழக்கமே மொழி என்று ஸ்கின்னர் 1957இல் எழுதினார். ஆனால் எங்கள் வீட்டில் 'நில்லுனேன்' என்று சொல்பவர் யாருமே இல்லையே! ஆடுனேன், ஓடுனேன், பாடுனேன் என்று காதில் விழுந்ததிலிருந்து அவனே ஒரு விதியைப் பிடித்து, அதை 'நில்லு' மீதும் போட்டிருக்கிறான். ஸ்கின்னரின் நூலைச் சாம்ஸ்கி 1959இல் கடுமையாக விமர்சித்தபோது இந்தப் படைப்புத்திறனைத்தான் முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டே குழந்தை மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ, 'வக்' என்று இல்லாத ஒரு பிராணியைப் படத்தில் காட்டி, இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டார். கேட்டே இராத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் சரியாகப் பன்மை சொன்னார்கள்.

இது பிடிபட்டால் 'பிழை என்பது கற்றலின் சான்று' என்ற மொழியியலாளர் கோடரின் 1967ஆம் ஆண்டுக் கருத்தும் கூடவே வந்துவிடும். "பத்து முறை எழுதச் சொல்வார்" என்ற விடையைத் தயங்காமல் விலக்கிவிடலாம். "ஓ, வரிசையில நின்னியா?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகக் கொடுக்கும் ஆசிரியர்தான் விடை.

குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி இருவரையும் சேர்த்தே படியுங்கள். படம் வரையும் குழந்தை, "இப்ப பச்சை, அப்புறம் சிவப்பு" என்று தனக்குத் தானே பேசுகிறது. பியாஜேவுக்கு அது தன்மையப் பேச்சு, அதாவது கேட்பவரை நினைக்காமல் தன்னையே மையமாக வைத்துப் பேசுவது, வயது ஏற ஏறக் குறைந்துவிடும். வைகாட்ஸ்கிக்கோ அது குழந்தை தன்னைத் தானே வழிநடத்தும் கருவி. பிறகு அது உள்ளே போய்ச் சிந்தனையாகிறது.

இரண்டாம் மொழி எப்படி வருகிறது என்று ஆராய்ந்த கிராஷனிடம் ஒன்றைக் கவனியுங்கள். இயல்பாகப் பெற்ற மொழிதான் பேச்சாக வரும், விதியாகக் கற்றது அதைச் சரிபார்க்க மட்டுமே உதவும் என்பது அவர் கருத்து. விடைகளில் இதைத்தான் புரட்டிப் போடுகிறார்கள். மொழி எளிதாக வர ஓர் உகந்த பருவம் உண்டு, அது பருவ வயதோடு முடிகிறது என்று மொழி ஆய்வாளர் லென்னெபெர்க் சொன்னதையும் அப்படித்தான். "பருவ வயதுக்குப் பிறகு இரண்டாம் மொழி வரவே வராது" என்று இருந்தால் அது தவறு.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இருமொழிக் கல்வி ஆய்வாளர் கம்மின்ஸ். திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை மைதானத்தில் சரளமாகத் தமிழ் பேசுவான், அறிவியல் பாடத்தில் திணறுவான். "தமிழ் நல்லாத்தானே பேசுறான், படிக்கத்தான் சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுகிறோம். அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாட மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்கிறார் கம்மின்ஸ். தேர்வு முடிந்தாலும் இதை மறக்காதீர்கள். வீட்டு மொழியை வகுப்பில் தடுக்கச் சொல்லும் விடை எதுவாக இருந்தாலும் விலக்கிவிடுங்கள். 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பன்மொழியை வகுப்பறையின் வளமாகத்தான் பார்க்கிறது.

இன்னொன்று, நான் எழுதியபோது சிடெட்டின் குழந்தை வளர்ச்சிப் பகுதி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. இதே பியாஜேயும் வைகாட்ஸ்கியும் அங்கேயும் வருவார்கள். அதனால் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படியுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் விடாமல் எழுதுங்கள்.