தடைக்காலத்தில் நான்கு பேருக்கு மேப் போடச் சொல்லிக்கொடுத்த கதை

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் ஆறு வருடமாகக் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற உலக வரைபடம் அது. ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியைச் சுற்றியுள்ள சந்துபொந்தில் பாதி நான் போட்டதுதான் (கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்). ஆனால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இந்த வருடம் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், விசைப்படகில் போகும் தம்பி ஒருவன் "சும்மாதானே இருக்கேன், எனக்கும் காட்டுங்கண்ணே" என்றான். அவனைப் பார்த்து பாம்பனிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், வாலிநோக்கம் பக்கத்துத் தங்கச்சி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள்.

முதல் வாரமே சொதப்பினேன். கல்லூரிப் பையன் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தங்கச்சிமடத்தில் அறுபது வீடு வரைந்து போட்டிருந்தான். தென்னை மறைத்த இடத்தில் கூரை எது, நிழல் எது என்று தெரியாமல் கோணல்மாணலாக வந்திருந்தது. போதாக்குறைக்கு எல்லாமே நாலு மீட்டர் கிழக்கே தள்ளியிருந்தன. அது அவன் தப்பில்லை. செயற்கைக்கோள் படமே சில இடங்களில் விலகித்தான் இருக்கும். நடந்து பதிவுசெய்த ஜிபிஎஸ் தடத்தை வைத்து முதலில் படத்தை நகர்த்திவிட்டுத்தான் வரைய வேண்டும். அதை நான் சொல்லியிருக்கவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து அறுபதையும் நானே நேராக்கிவிட்டேன். உதவி செய்ததாகத்தான் நினைப்பு. பையன் பத்து நாள் ஆளையே காணோம். போன் போட்டால், "நீங்களே போட்டுடுறீங்களேண்ணே, அப்புறம் நான் எதுக்கு?" என்றான். போய்ப் பார்த்தால், எந்த வீட்டைத் தொட்டாலும் கடைசியாகத் திருத்தியவர் என்று என் பெயர்தான் நிற்கிறது. அவன் வீடு உட்பட.

சரி, இனி திருத்த வேண்டாம், எழுதிச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு தடவை மாற்றங்களை ஏற்றும்போதும் அது ஒரு சேஞ்ச்செட்டாகப் பதிவாகும். அதற்குக் கீழே யாரும் குறிப்பு எழுதலாம். நான் எழுதிய முதல் குறிப்பு இது: "கட்டடங்கள் செங்கோணமாக இல்லை. இடம் விலகியுள்ளது. சரிபார்க்கவும்." மறுநாள் படித்தபோது தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது, எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அந்தக் குறிப்பு ஊர் உலகத்துக்கே தெரியும் என்பது வேறு.

அடுத்தது இப்படி: "தெருவோட தெற்கு வரிசை அருமையா வந்திருக்கு தம்பி, எனக்குத் தெரியாத ரெண்டு சந்து கிடைச்சுது. கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து கீபோர்டுல கியூ அமுக்கினா மூலை நேராகும். முதல் அஞ்சு வீட்டுக்கு மட்டும் செஞ்சு பாரு, மத்தது அப்புறம்." அன்று மாலையே நாற்பது வீட்டை நேராக்கிவிட்டான். அப்புறம் நால்வருக்கும் ஒன்று சொன்னேன்: ஏற்றும் இடத்தில், என் திருத்தத்தை யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். அவர்கள் கேட்டபிறகு நான் சொல்வது வேறு, கேட்காமல் போய் நிற்பது வேறு.

படகுக்காரத் தம்பி கதை தனி. அவன் ஊர்க் கடற்கரையில் பதினாலு சின்னக் கட்டடம் யாரோ போட்டிருந்தார்கள். எல்லாம் நீளவாக்கில், ஒரே அளவு. பார்த்ததும் சிரித்துவிட்டான்: "அண்ணே, இது வல்லம். கரையில ஏத்திப் போட்டிருக்கு. கச்சான் காத்துல தென்கடல் கொந்தளிச்சா இதெல்லாம் வடகடலுக்குப் போயிரும்." யாரோ வெளியூர்த் தன்னார்வலர் மேலே இருந்து பார்த்துப் போட்டது. தம்பியையே அவருக்கு எழுதச் சொன்னேன். "இது வீடு இல்ல, வல்லம். தெரியாதா?" என்று தட்டினான். அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு, வீட்டையும் படகையும் நீ எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறேன்னு ஒரு வரி சேர் என்றேன். "வீட்டுக்கு வாசல் பக்கம் தடம் இருக்கும், வல்லத்துக்கு இருக்காது" என்று எழுதினான். ஆறு வருடத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. கரையில் வாடி போட்டுத் தங்கும் குடிசைகளை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கடற்கரைக் கோடு பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோடு போகும் திசைக்கு இடப்பக்கம் நிலம், வலப்பக்கம் தண்ணீர். திருப்பிப் போட்டால் மேப்பில் ஊருக்குள் கடல் புகுந்துவிடும்.

தங்கச்சியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது மே மாதம். வாலிநோக்கத்துக்கு மேற்கே கட்டம் கட்டமாக இருந்த இடத்தை இறால் பண்ணை என்று போட்டிருந்தார். அந்தப் பக்கம் அரசாங்க உப்பளமே இருக்கிறதே, இது உப்பளம்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். பதில் வந்தது: "அண்ணே, எங்கம்மா உப்பளத்துல வேலை பார்த்தவங்க. பாத்தி இவ்வளவு அகலமா இருக்காது. வரப்போரமா உப்பு அம்பாரம் வெள்ளையாத் தெரியணும். இதைப் பெரிசாக்கிப் பாருங்க, குட்டைக்குள்ள வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்கும். அது தண்ணிக்குக் காத்து ஏத்துற ஏரேட்டர் கிளப்புற நுரை." பெரிதாக்கினேன். இருந்தது. "நீ சொன்னதுதான் சரிம்மா" என்று அந்தக் குறிப்புக்குக் கீழேயே எழுதினேன், எல்லாரும் பார்க்கிற மாதிரி. இப்போது என் பழைய உப்பளங்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரை இரண்டு தேறவில்லை.

வாத்தியாருக்கு எழுத்தில் எதுவும் சொல்வதில்லை, போன்தான். அவர் போடும் வீடெல்லாம் மூலைமட்டம் வைத்து வரைந்த மாதிரி இருக்கும், அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கீழக்கரைக் கடைப் பெயர்களைக் கூகுள் மேப்பைப் பார்த்து இட்டிருந்தார். ஏற்றும்போது, கூகுளிலிருந்து எடுக்கக் கூடாது என்று நாங்கள் வரையும் ஐடி (iD) எடிட்டரே எச்சரித்திருக்கிறது, ஏனென்றால் விவரக்குறிப்பில் மறைக்காமல் கூகுள் என்று எழுதியிருக்கிறார். நேர்மையான மனுஷர். "சார், பரீட்சையில பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதுற மாதிரி, விடை சரியா இருந்தாலும் மார்க் போட மாட்டீங்கல்ல" என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் அவரே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தெருத்தெருவாக நடந்து போர்டுகளைப் படம் எடுத்து வந்தார்.

கண்மாயில்தான் அவருக்குத் தகராறு. கோடையில் எடுத்த படம். கண்மாய் முழுக்க வறண்டு சீமைக்கருவை மண்டிக் கிடக்க, ஒன்றைக் காடு என்றும் ஒன்றை வயல் என்றும் போட்டுவிட்டார். தண்ணீரைத் தேடாதீங்க சார், கரையைத் தேடுங்க என்றேன். பிறை மாதிரி வளைந்த கரை, அதில் மடை, ஓரத்தில் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு. மூன்றும் தெரிந்தால் கண்மாய். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்காது என்பதற்கு ஒரு டேக் (வரைந்ததோடு சேர்க்கும் குறிச்சொல்) இருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு நேரில் போய் எல்லையைச் சரிபார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிந்தது. படகுக்காரத் தம்பி கடலுக்குப் போய்விட்டான். அவன் தெருவில் கிழக்கு வரிசை முடிந்திருக்கிறது, மேற்கே பதினோரு வீடு பாக்கி. பத்து நிமிட வேலை. தினமும் ராத்திரி அந்த இடத்தைத் திறந்து பார்க்கிறேன், கை துறுதுறுக்கிறது. இதுவரை தொடவில்லை.