நடுத்தரம் என்னும் தரம்

சுமாரான எதையும் 'ஃபேர் டு மிட்லிங்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றின் பஞ்சுக் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், அதை ஏளனமாகக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்தும். 'மிட்லிங்' நடுத்தரச் சரக்குக்கு வணிகர்கள் நெடுங்காலமாக வழங்கிய பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலப் பஞ்சு லிவர்பூல் சந்தையில் குவிந்தபோது பஞ்சின் தரப்பெயராகவும் ஊன்றிவிட்டது. அமெரிக்க வேளாண் துறை 1909-இல் வகுத்த 9 தரங்களில் உச்சியில் 'மிட்லிங் ஃபேர்', அடியில் 'குட் ஆர்டினரி', நட்டநடுவே 5-ஆவதாக 'மிட்லிங்'. அதை அடிப்படையாக வைத்தே மேல்தரத்துக்குக் கூட்டியும் கீழ்த்தரத்துக்குக் கழித்தும் விலை பேசினார்கள்.

அந்த நடுத்தரத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பஞ்சைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் மூத்த செலக்டர், பேல் எனப்படும் பஞ்சுப் பொதியிலிருந்து உருவிய பஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து நிறத்தையும் இலைத்தூளையும் பார்ப்பார்; பிறகு ஒரு சிட்டிகையை இரு கை விரல்களாலும் திரும்பத் திரும்ப இழுத்து, இழைகளை ஒழுங்காக்கி, கறுப்புத் துணியில் வைத்து நீளம் சொல்வார். ஆலைக்கு வேண்டியது அபூர்வமான ஒரு பேல் அன்று, ஒன்றுபோல் இருக்கும் நூறு பேல்கள். பல பேல்களைக் கலக்கும் மிக்சிங்கில், இழையின் நுண்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் அளவு ஏறி இறங்கினால், நூலில் தெரியாத வேறுபாடு சாயமேற்றிய துணியில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும்.

சாதாரணமானது என்னும் பொருளில் வழங்கும் 'ரன் ஆஃப் தி மில்' என்பதையும் அகராதிகள் மிட்லிங்கின் அருகிலேயே வைக்கின்றன. அது ஆலையிலிருந்து வந்தது வந்தபடி, தரம் பிரிக்காமல் விற்ற சரக்கு. சுரங்கத்திலிருந்து வந்தபடியே விற்கும் நிலக்கரியை இன்றும் 'ரன் ஆஃப் மைன்' என்கிறார்கள். ஒன்று பிரித்துப் பார்த்து நடுவில் வைத்தது; மற்றது யாரும் பிரித்தே பார்க்காதது. பொருள் ஒன்றாகிவிட்டாலும், பஞ்சு மேஜையருகே நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில், யார் என்ன வேலை செய்தார்கள் என்று பாராமலேயே எல்லோருக்கும் 5-க்கு 3 போட்டுக் கையெழுத்திடும் மேலாளர்கள் உண்டு. அந்த 3-ஐ மிட்லிங் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.