கழுவிப் பார்த்தால்தான் தெரியும்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் கண் ஆபரேஷனுக்கான கருவி செய்யும் பட்டறையில் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் மூக்குக்கண்ணாடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி இல்லை, புரை விழுந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளிருந்து எடுக்கிற கருவி என்று விளக்கினால், "அதெல்லாம் இப்போ லேசர்ல பண்றாங்களே" என்பார்கள். லேசர் சில இடங்களில் சில வேலைக்கு உண்டு. மற்றபடி லென்ஸ் வெளியே வருவது அல்ட்ராசவுண்டாலோ கையாலோதான். எங்கள் பட்டறைக்குச் சோறு போடுவது அந்தக் கை.

அல்ட்ராசவுண்ட் முறைக்கு ஃபேகோ என்று பெயர். 1967-இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது. பல் டாக்டரிடம் போயிருந்தபோது, பல்லில் படிந்த காரையை உதிர்க்கிற அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து, இதே அதிர்வில் லென்ஸையும் உடைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளே துளையுள்ள டைட்டானியம் ஊசி நொடிக்கு 40,000 தடவை போல அதிரும். உடைந்த தூளை அதே துளை உறிஞ்சிக்கொள்ளும். 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு போதும். அருமையான யோசனைதான், ஆனால் மெஷின் விலை லட்சக்கணக்கில். தவிர, கண் சிகிச்சை முகாமுக்கு வரும் வயசானவர்கள் பலருக்குப் புரை முற்றிப் பழுப்பேறி இறுகிப்போயிருக்கும். அதை அதிரவைத்து உடைக்க நேரமும் சூடும் கூடுதலாகும். கருவிழியின் உட்புறச் செல்கள் அடிபடும். போன செல் திரும்ப வளராது. அதனால் வெள்ளை விழியில் 6, 7 மில்லிமீட்டர் அகலத்தில் சுரங்கம் போல வழி வெட்டி, லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியான நியூக்ளியஸை முழுசாக எடுக்கும் முறை இங்கே இன்னும் நன்றாகவே ஓடுகிறது. தையல்கூட பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்கு டாக்டர்கள் எடுக்கும் கருவிகளில் ஒன்று வெக்டிஸ். நுனியில் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னக் கரண்டி, முன்விளிம்பில் 0.3 மில்லிமீட்டரில் மூன்று துளை, பின்னால் சிரிஞ்ச் மாட்டுகிற இடம். நியூக்ளியஸுக்கு அடியில் நுழைத்து சிரிஞ்சை மெல்ல அழுத்தினால் சலைன் போய் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கரண்டியைப் பின்னால் இழுக்க இழுக்க நியூக்ளியஸும் வழுக்கிக்கொண்டு கூடவே வந்துவிடும். மேலே கருவிழி, கீழே ஐரிஸ் என்கிற நிற வளையம், அதற்கும் கீழே லென்ஸ் பையின் பின்பக்கச் சவ்வு. அந்தச் சவ்வின் நடுப்பகுதி கனம் ஏறக்குறைய 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு. அது கிழிந்தால் புது லென்ஸ் உட்காரவேண்டிய இடமே போச்சு.

ஆகவே விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. நான் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டரில் டிராயிங் போடத் தெரியும் என்ற தெம்பில் வந்தவள். "டிராயிங்ல பிசிறு தெரியாதும்மா" என்று லேத் அண்ணன் முதல் வாரமே சொல்லிவிட்டார். 0.3 துளையை டிரில்லில் போட்டால் பிட் ஒடியும். மின்பொறியால் உலோகத்தை அரிக்கிற ஸ்பார்க் எரோஷன் மெஷினில்தான் போடுகிறோம். துளையின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரம்பு நிற்கும். அண்ணன் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் நம்ப மாட்டார். பஞ்சில் மெதுவாக இழுப்பார். ஒரே ஒரு இழை மாட்டிக்கொண்டு வந்தாலும் கரண்டி திரும்பவும் பஃபிங்குக்குப் போகும். பளபளப்பு ஏற்றுவதிலும் ஒரு அளவு இருக்கிறது. கைப்பிடி கண்ணாடி மாதிரி மின்னினால் ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் வெளிச்சம் பட்டு டாக்டர் கண்ணிலேயே அடிக்கும், அதற்காக மங்கல் ஃபினிஷ் கொடுக்கிறோம்.

இந்தப் பக்கத்துப் பட்டறைகளின் பழைய பிழைப்பு வேறு. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் இருக்க, ரயில் வேலை, லாரி வேலை என்று இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. சாதா இரும்பைத் தேய்த்த அரத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்த்தால் இரும்புத்துகள் அதன் மேல் பதிந்து, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் நாலு தடவை போனதும் செம்புள்ளி விழும். ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காமல் இருப்பதே மேலே படரும் குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். அந்தப் படலத்துக்கு உப்பு ஆகாது. நமக்கோ காசிமேட்டுக் காற்றிலும் உப்பு, ஆபரேஷன் தியேட்டர் சலைனிலும் உப்பு. எங்கள் அரங்களுக்குப் பச்சை பெயின்ட் அடித்துத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். பக்கத்துப் பட்டறைக்காரர் இரவல் கேட்டால் டீ வாங்கித் தருவோம், அரம் தர மாட்டோம்.

எங்களோடு சேர்ந்து வேலை செய்கிற டாக்டர் ஒருவருக்கு, வெக்டிஸை இன்னும் மெலிசாக்க வேண்டும் என்று ஆசை. விளிம்பு மெலிந்தால் நியூக்ளியஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே சுலபமாக நுழையும். கூடவே, தண்ணீர் நடுவில் மட்டும் பீய்ச்சாமல் இரண்டு மூலைக்கும் பிரிந்து போக வேண்டும் என்றார். யோசனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே ஓடும் வழியை இரண்டாகக் கிளைக்க வைத்து, கனத்தைக் குறைத்து ஒன்று செய்தோம்.

அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆட்டுக்கண் வேண்டும். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு விடியற்காலையில் போனால் கிடைக்கும். "இன்னாத்துக்கும்மா கண்ணு மட்டும்?" என்று கேட்டார் கடைக்காரர். டாக்டர்கள் பழகுவதற்கு என்றேன். கண் இல்லாத தலைக்கு விலை குறையும், அதையும் சேர்த்துக் கொடு என்றார், நியாயம்தான். ஐஸ் பெட்டியில் போட்டு உடனே கொண்டுவர வேண்டும், நேரமானால் கருவிழி மங்கி உள்ளே ஒன்றும் தெரியாது. ஆட்டு லென்ஸ் மிருதுவானது. கெட்டியாக்குவதற்கு ஃபார்மலின் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் ஆட்டின் லென்ஸ் சவ்வு மனிதச் சவ்வைவிடத் தடிமன், முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆட்டுக்கண்ணில் பாஸானால் பாதிக் கிணறு தாண்டியதாகக்கூட நான் எடுத்துக்கொள்வதில்லை. டாக்டருக்கு அன்றைக்கு ஏக சந்தோஷம்.

அப்புறம் கருவி தியேட்டர் சிஸ்டர் கைக்குப் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த மூலைக்குள்ள போன ஜெல்லு எப்படி சார் வெளியில வரும்?"

ஆபரேஷனில் கண்ணுக்குள் இடம் உண்டாக்க ஒரு ஜெல் விடுவார்கள். அது குழாய்க்குள் ஏறிக் காய்ந்துவிட்டால் ஆட்டோகிளேவ் அதை நீக்காது, இறுக்கித்தான் விடும். 134 டிகிரி நீராவி கிருமியைக் கொல்லும்; காய்ந்த ஜெல்லையும் சோப்பு மிச்சத்தையும், செத்த கிருமி விட்டுப்போன விஷத்தையும் அது தொடுவதில்லை. அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் அது போனால் ஓரிரு நாளுக்குள் கருவிழி வெளுத்துப் போய் உள்ளே கடுமையான அழற்சி வரும். கிருமியே இல்லாத இந்த அழற்சியை டாஸ் என்பார்கள். குழாயுள்ள கருவிகள் மேல்தான் முதல் சந்தேகம் விழும். ஒரு நாளில் கேஸ் மேல் கேஸாக ஓடும் தியேட்டரில், ஒவ்வொரு கருவியையும் கழுவச் சிஸ்டருக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு இருக்கும்?

சரி, பார்த்துவிடலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். லென்ஸ் பையின் முன்சவ்வுக்குச் சாயம் ஏற்ற டிரைப்பன் புளூ என்ற நீல மருந்து தியேட்டரில் இருக்கும். அதை ஜெல்லோடு கலந்து கருவிக்குள் ஏற்றி, காய விட்டு, வழக்கமாகக் கழுவுகிற மாதிரியே காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினோம். கடைசியில் துளை மூன்றிலும் தெளிந்த தண்ணீர் வந்தது. டாக்டர் முகத்தில் வெற்றிக்களை. லேத் அண்ணன் கரண்டியை வைஸில் பிடித்து நீளவாக்கில் அறுத்தார். கிளை பிரிகிற இடுக்கில் நீலம் அப்படியே அப்பிக்கொண்டிருந்தது. வெள்ளி வைத்துப் பற்றவைத்த மூட்டின் ஓரத்திலும் ஒரு கோடு.

இந்த ஒரு மதியத்துக்குப் பிறகுதான் கருவி கண்டுபிடிப்பு பற்றி எனக்கு ஒரு தீர்மானம் ஏற்பட்டது. டாக்டர் கையில் ஒரு கருவி இருப்பது சில நிமிடம். மீதிப் பொழுதெல்லாம் அது கழுவுகிறவர் கையில். அந்தக் கையை அழைத்து உட்கார வைக்காமல் போடுகிற டிராயிங் எதுவும் பாதி டிராயிங்தான். கண்டுபிடிப்புக் கதைகளில் சிஸ்டர்கள் வருவதே இல்லை, ஏனோ.

பிறகு கிளையை எடுத்துவிட்டோம். உள்வழி நேராக ஓடும். துளை ஒவ்வொன்றின் வழியாகவும் மெல்லிய கம்பி போய் வர வேண்டும் என்பதை விதியாக்கினோம். மூட்டைப் பற்றவைப்பதற்குப் பதில் லேசர் வெல்டிங்குக்கு வெளியே கொடுக்கிறோம், செலவு கூடுதல்தான். கரண்டி டாக்டர் ஆசைப்பட்டதைவிடக் கொஞ்சம் தடிமனாகவே நின்றுவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே பயன்படுத்துகிறார்.

கண்ணுக்குக் கருவி யோசிப்பது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1819-இல் தொடங்கி இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கண் ஆஸ்பத்திரிக்குக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் நீர் அழுத்த நோய்க்கு விழியின் ஓரத்தில் குட்டி வட்டத்தை வெட்டி எடுக்கும் ஆபரேஷனை இங்கிருந்துதான் 1909-இல் உலகத்துக்குச் சொன்னார். ஊசியால் குத்தி லென்ஸை உள்ளேயே தள்ளிவிடும் பழைய வைத்தியத்தால் கெட்டுப்போன கண்களையும் அவர் விரிவாக ஆராய்ந்தவர். அந்த வைத்தியத்தில் லென்ஸ் வெளியே வருவதே இல்லை. பிரான்ஸில் ஜாக் தவியேல் அதை வெளியே எடுத்துக் காட்டியது 1747-இல். எடுத்த இடத்தில் புது லென்ஸ் வைக்க 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி வர வேண்டியிருந்தது. அது நம் ஏழைகளுக்குக் கட்டுப்படியாக, மதுரையில் 1992-இல் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்க வேண்டியிருந்தது.

பேடண்ட் எடுக்கலாமா என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். இந்தியச் சட்டத்தில் ஆபரேஷன் முறைக்குப் பேடண்ட் கிடையாது, கருவிக்கு உண்டு. ஆனால் இருக்கிற கருவியில் ஒரு கிளையை நீக்கியதற்குக் கிண்டி ஆபீஸ் வரை போவது வீண் அலைச்சல் என்று முதலாளி சொல்லிவிட்டார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2017 மருத்துவக் கருவி விதிகள் வந்த பிறகு ஃபைல் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. எப்படிக் கழுவ வேண்டும் என்ற தாளும் அதில் ஒன்று. எங்கள் தாளைச் சிஸ்டர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்போது சிம்கோ கேன்யூலாவில் கை வைத்திருக்கிறோம். நியூக்ளியஸ் போன பிறகு மிச்சமிருக்கும் கார்டெக்ஸை, அதாவது லென்ஸின் மிருதுவான வெளிப்பகுதியை, எடுக்கிற கருவி. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாயில் ஒன்று சலைன் விடும், மற்றது உறிஞ்சும். உறிஞ்சுகிற குழாயின் நுனி மூடியிருக்கும், துளை அதற்குக் கொஞ்சம் பின்னால். நடுவில் இருக்கும் அந்த முட்டுச்சந்தைச் சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. துளையை நுனிக்கு நெருக்கிவிடலாம் என்கிறார் லேத் அண்ணன். நெருக்கினால் பின்பக்கச் சவ்வை இழுத்துவிடும் என்று டாக்டர் பயப்படுகிறார். இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வாரம் இரண்டு விதமாகவும் செய்து, நீலம் ஏற்றி அறுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.